ஜாமூன் வாசம்

பால் பொங்கி அடங்கிச் சுண்ட ஆரம்பித்திருந்தது. கமலவேணி மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிண்டிக்கொண்டிருந்தாள். சமையலறை முழுக்க இந்நேரம் பால் வாசம் நிறைந்திருக்க வேண்டும், நிறைந்துதான் இருக்கும், அவளுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. பங்குனியில் வந்த காய்ச்சல் போகிறபோது சும்மா போகாமல் அவள் மோப்பத்தையும் கையோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது ஆவணி. மூக்கு இருக்கிறது, மூக்குத்தி மின்னுகிறது, மூச்சு வருகிறது போகிறது, வாசனை மட்டும் இல்லை. மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். இந்த விஷயம் அவளையும் மேலே இருக்கிறவனையும் தவிர இன்னொருத்தருக்குத் தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பார்த்துத்தானா ஜாமூன் என்று நீங்கள் கேட்கலாம். இன்றைக்குத்தான் வேண்டும். சாயங்காலம் பெண் வீட்டார் கரூரிலிருந்து கை நனைக்க வருகிறார்கள். மகன் கதிரவனுக்குப் பேசி முடித்திருக்கிற பவித்ராவின் அப்பாவும் அம்மாவும். சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத ஜனங்கள், போன தடவை வந்தபோது காபி டம்ளரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கு முதல் வாய் இந்த வீட்டில் சாப்பிடப் போகிறார்கள். அந்த முதல் வாய் கமலவேணியின் ஜாமூனாக இருக்க வேண்டும் என்று கதிரவன் போனிலேயே சொல்லிவிட்டான், அம்மா, மாவு பாக்கெட் எல்லாம் வேண்டாம்மா, நீ பாலைச் சுண்டக் காய்ச்சிப் பண்ணுவியே, அது. பெருமையடித்து வைத்திருக்கிறான் படுபாவி. செய்யறேண்டா கண்ணா என்று சொன்ன வாய்க்குள் நாக்கு உலர்ந்துபோனது அவனுக்கு எப்படித் தெரியும்.

கிண்டு, கிண்டு. கையை நிறுத்தினால் போச்சு. பால் அடிபிடிக்கிறது இருக்கிறதே, அது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும், லேசாக ஒரு கரிந்த வாடை, அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாலும் ஓடி வந்துவிடலாம். கண்ணுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கண் ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் குருடு. மூக்கு நாலு பக்கமும் காவல் காக்கும், தூங்கும்போதுகூட முழித்துக்கொண்டிருக்கும். அப்பேர்ப்பட்ட காவல்காரன் ஓடிப்போய் இத்தனை மாதமாகிறது, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இவள் ஒருத்தியாகக் கம்பை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறாள். பாலின் ஓரத்தில் ஏடு படிந்து சுருங்குகிறது, வழித்து உள்ளே தள்ளினாள், அது மெதுவாகச் சுழன்று முழுகியது. பார்க்கப் பார்க்கத் தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. வெள்ளை, ஒரே வெள்ளை, பிறகு லேசாகச் சந்தன நிறம். சந்தனம் என்றதும் சந்தன வாசம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவு வாசல் வரைக்கும் வந்து நின்றது, உள்ளே வரமாட்டேன் என்றது. மோப்பம் போனது முதலில் அவளுக்கே புரியவில்லை. பூக்காரியிடம்தான் சண்டைக்குப் போனாள், என்னடி இது நேத்துப் பூவா, ஒரு வாசமும் இல்லை. அந்தப் பெண் மொக்கு மொக்காக எடுத்து இவள் மூக்கிலேயே வைத்தாள், அக்கா நல்லா மோந்து பாருங்க, விடியக்காலையில பறிச்சது. மோந்தாள். ஒன்றுமில்லை. சரி சரி, கொடு என்று வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சோப்பை மோந்தாள், ஊறுகாய் ஜாடியை மோந்தாள், பெருங்காய டப்பாவுக்குள் முகத்தையே விட்டாள். பெருங்காயமே பேசவில்லை என்றால் பிறகு யார் பேசுவார்கள்? அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நாக்கு மட்டும் மிச்சம். அதுவும் ரேஷன் கடை மாதிரி இனிப்பு, உப்பு, புளிப்பு, காரம் என்று நாலு சாமான்தான் கொடுக்கும், அதற்கு மேல் கேட்டால் ஸ்டாக் இல்லை.

பால் கெட்டிப்பட்டுக் கரண்டியோடு சேர்ந்து சுருண்டு வரத் தொடங்கியபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வந்துட்டாரு. ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆன தெய்வசிகாமணி, வேலையில் இருந்த காலம் முழுக்க இந்தச் சமையலறைக்குள் எத்தனை தரம் வந்திருப்பார் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது பாருங்கள், பூனை தோற்றது. எப்போது பார்த்தாலும் நிலைப்படியில் வந்து நிற்கிறது, எதையாவது ஒன்றைக் கேட்கிறது. அதோடு சும்மாவும் நிற்க முடியாது இந்த மனுஷனுக்கு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பார்.

"வேணி, என் கண்ணாடியைப் பார்த்தியா?"

"நெத்தியில இருக்குதே, அது யாரோடது?"

"அட ஆமா." ஒரு உறிஞ்சல். "பால் எவ்வளவு தூரம்?"

"கரூரு தூரம். ஏங்க, சளியா இருந்தா கொல்லைப்பக்கம் போய்ச் சிந்திட்டு வாங்களேன். நல்ல காரியத்துக்குப் பண்றேன், பக்கத்துல வந்து நின்னுகிட்டு உறிஞ்சுறீங்க."

"சளிதான். தூசி ஒத்துக்கலை." இன்னொரு உறிஞ்சல், நீளமாக. "தீயைக் கொஞ்சம் குறைச்சுக்கயேன், கை வலிக்கப் போகுது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். சமையலைப் பற்றி இவருக்கு என்ன தெரியும், தீயைக் குறைக்கச் சொல்ல வந்துட்டாரு என்று முணுமுணுத்தபடியே, எதற்கும் இருக்கட்டும் என்று குறைத்தாள். வேலை போன ஆம்பளைகளுக்கு இப்படி ஒரு கிறுக்குப் பிடிக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறாள். சித்திரையில் ஒரு நாள், வெளியே கோடை மழை அடித்துப் பெய்துகொண்டிருக்கிறது, மனுஷன் கூடத்திலிருந்து ஓடி வந்து ஜன்னல் கதவையெல்லாம் படார் படாரென்று திறக்கிறார். என்னங்க, சாரல் அடிக்குது! ஒரே புழுக்கம் வேணி, மூச்சு முட்டுது. மழை நாளில் புழுக்கமாம்! மறுநாள் ஒரு வார்த்தை கேட்காமல் கேஸ் அடுப்புக்குப் புது ட்யூப் வாங்கி வந்து மாட்டினார். பழசு நல்லாத்தானே இருந்துச்சு என்றதற்கு, பழசாயிருச்சில்ல என்றார். பேச்சு அவ்வளவுதான். நாற்பது வார்த்தைக்கு மேல் ஒரு நாளைக்குப் பேசினால் வரி போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிற மனுஷன்.

கோவா உருண்டு திரண்டு சட்டியை விட்டு வந்தது. இறக்கித் தட்டில் கொட்டி ஆறவிட்டாள். ஒரு துணுக்கைக் கிள்ளி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்புப் புள்ளி இல்லை. அப்பாடா. ஆனால் கண்ணை நம்பலாமா? கருகல் வாசம் பாலோடு கலந்துவிட்டால் நிறம் காட்டிக் கொடுக்காது, வாயில் வைத்ததும்தான் காட்டிக் கொடுக்கும். பவித்ராவின் அம்மா ஒரு கடி கடிக்கிறாள், முகம் லேசாகச் சுருங்குகிறது, நல்ல மனுஷி, ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை ஓரமாக வைக்கிறாள், கதிரவன் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்க்கிறான். அந்தப் பார்வை. அவள் நூறு தரம் பார்த்துவிட்டாள் அந்தப் பார்வையை, வராத பார்வையை. அப்புறம் எல்லாம் வெளியே வரும். அம்மாவுக்கு மோப்பம் இல்லையாம், அடுப்பு பக்கம் விடக் கூடாதாம், சமையலுக்கு ஆள் போட்டுவிடலாமாம். ஆள் வருவாள், அவள் மிளகாய்ப்பொடி டப்பாவை எங்கேயோ வைப்பாள், இவள் கூடத்தில் உட்கார்ந்து அவளுடைய ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு டி.வி. பார்ப்பாள். கல்யாணம், காதுகுத்து எதுவென்றாலும் வேணியக்கா ஜாமூன் உண்டில்ல என்று கேட்கிற சனம், பாவம் அவளுக்கு முடியல என்று சொல்லும். பாவம்! அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்கு இந்தக் கரண்டியால் தலையில் அடித்துக்கொள்ளலாம். மைதாவைக் கொஞ்சம் தூவி, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டு, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் கோவாவைத் தேய்க்க ஆரம்பித்தாள். அழுத்தக் கூடாது, விரட்டக் கூடாது, குழந்தை முதுகில் எண்ணெய் தேய்க்கிற மாதிரி. கையாவது என்னோடு இருக்கே என்று நினைத்தாள். குறுணை குறுணையாக இருந்தது மெதுவாக வழிக்கு வந்து வெண்ணெயாக ஆனது.

உருட்டும்போது மனசு எங்கேயோ போய்விட்டது. விரிசல் விடாமல் உருட்ட வேண்டும், ஒரு கோடு இருந்தாலும் எண்ணெயில் வாயைத் திறந்துவிடும். கல்யாணமான புதிதில் அப்படித்தான் ஆனது. ரயில்வே குவார்ட்டர்ஸ், ஒரு அறை, ஒரு ஸ்டவ், முதன்முதலாக அவருக்காகப் பண்ணிய ஜாமூன் எண்ணெயில் போட்டதும் பொரிபொரியாகச் சிதறிவிட்டது. அவள் மூலையில் உட்கார்ந்து ஓவென்று அழ, அவர் சங்கு ஊதி வேலை முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தத் தூளையெல்லாம் அரித்தெடுத்துப் பாகில் கொட்டி, ஸ்பூனால் சாப்பிட்டார். என்ன வேணி, இதுக்குப் போய் அழுறே, இது புதுசா ஒரு பாயசம். அன்றைக்கு அவர் சட்டையில் அடித்த வாசம். கிரீஸ், இரும்புத் தூள், வேர்வை, பீடி கிடையாது, வெற்றிலை உண்டு. அந்தச் சட்டையைத் துவைக்கிற கல்லில் போடுவதற்கு முன்னால் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஒரு தரம் முகத்தில் வைத்துக்கொள்வாள், எத்தனை வருஷம் வைத்துக்கொண்டாள். ரிட்டயர் ஆன பிறகு கிரீஸ் போய்ச் சோப்பும் விபூதியும் வந்தது, அதுவும் பழகிவிட்டது, இருட்டில் புரண்டு படுத்தால் கண்ணைத் திறக்காமலே ஆள் இங்கேதான் இருக்கிறார் என்று தெரியும். இப்போது தெரிவதில்லை. பக்கத்தில் படுத்திருப்பது யார்? பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் இருக்கிறவர் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு ஒரு மனுஷர். கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பாள். ம்? என்பார். ஒண்ணுமில்லை என்பாள். ஜாமூன் போனால் போகட்டும் அய்யா, இதை யாரிடம் சொல்லி அழுவது. உங்கள் வாசம் எனக்கு இல்லாமல் போய்விட்டது என்று கட்டின புருஷனிடம் இந்த வயசில் ஒருத்தி எப்படிச் சொல்வாள்.

சீ, எழுந்திரு. நேரமாகிறது. பாகைப் பின்பக்க அடுப்பில் ஏற்றினாள், சர்க்கரை கரைந்து கையில் ஒட்டுகிற பிசுக்குப் பதம் வந்ததும் ஏலக்காயைத் தட்டிப் போட்டு, சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று தீயைக் குறைத்து மூடி வைத்தாள். குறைத்தோம் என்றுதான் நினைத்தாள். முன்பக்க அடுப்பில் எண்ணெய் மிதமாகக் காய்ந்தது. ஒரே ஒரு உருண்டையை முதலில் போட்டாள். அவர்கள் வீட்டில் அதற்கு வெள்ளோட்டம் என்று பேர், ஒர்க்ஷாப்காரர் வைத்த பேர். அடியில் போய் உட்கார்ந்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு தானாகவே மேலே எழும்பி வந்து மெதுவாக உருள ஆரம்பித்தது. உடையவில்லை. அடி என் தங்கமே! மற்றவற்றையும் விட்டாள். உருண்டையைக் கரண்டியால் தொடக் கூடாது, எண்ணெயைத்தான் கலக்கிவிட வேண்டும், எண்ணெய் அதுகளைச் சுற்ற வைக்கும். சுற்றின. வெள்ளை மஞ்சளானது, மஞ்சள் பொன்னானது, பொன் மெல்லச் சிவந்தது. முன்பெல்லாம் இந்த இடத்தில் ஒரு வாசம் மாறும், பச்சைப் பால் வாசம் போய் வேறு ஏதோ ஒன்று, நெஞ்சுக்குள் யாரோ விளக்கேற்றுகிற மாதிரி, அது வந்ததும் எடுத்தால் உள்ளே வேகாத கொட்டை விழாது. இப்போது நிறத்தை நம்பித்தான் எடுக்க வேண்டும். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். உருண்டைகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றி வந்தன, கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி, எதற்கும் அவசரமில்லை, அவளும் கூடவே சுற்றினாள், குவார்ட்டர்ஸில் ஒரு சுற்று, கதிரவனைத் தூளியில் போட்ட வீட்டில் ஒரு சுற்று, அவன் தலை உச்சியில் பால் வாசம் அடிக்குமே, ஐயோ அந்த வாசம், வா வா என்று கூப்பிட்டாள், அது வரவில்லை, வராமலே பக்கத்தில் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. கண் சொருகியது.

"வேணி! பாகு!"

ஓடி வந்தவர் அவளைத் தாண்டிக் கையை நீட்டிப் பின்பக்க அடுப்பை அணைத்தார், முன்பக்கத்தையும் அணைத்தார், மூடியைத் துணியால் பிடித்துத் தூக்கினார். உள்ளேயிருந்து புகை எழும்பியது. பாகு இல்லை, அடியில் தார் மாதிரி ஏதோ ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. தீயைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டி வைத்திருக்கிறாள். முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இத்தனை நேரம் சர்க்கரை கருகியிருக்கிறது, தெருக்கோடி வரை நாறியிருக்கும், அதன் முன்னாலேயே நின்றுகொண்டு அவள் பிரகாரம் சுற்றியிருக்கிறாள். ஒரு பொய்யைத் தேடினாள். தலைசுற்றல் என்று சொல்லலாம். வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

"எனக்கு மோப்பம் இல்லீங்க."

"தெரியும்."

அவள் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"காய்ச்சல் விட்ட ரெண்டாவது நாள் பால் அடிபிடிச்சு வீடே நாறிச்சு. நீ அதுலேயே காபி போட்டுக் கொண்டாந்து எப்படி இருக்குன்னு கேட்டே."

"நல்லாருக்குன்னீங்களே!"

"ம்."

"குடிச்சீங்களே!"

"குடிச்சேன்." அவர் பாகுச் சட்டியைத் தொட்டித் தண்ணீரில் வைத்தார், அது சுர்ரென்றது. "சொல்லாம வச்சிருக்கே, சொல்லப் பிடிக்கலை போலன்னு விட்டுட்டேன். கேஸ் ட்யூப் கசிஞ்ச அன்னைக்குத்தான் பயந்துட்டேன். அதுலேருந்து அப்பப்ப வந்து பாத்துக்கிறேன்."

கண்ணாடி, தண்ணி, காலண்டர், நகவெட்டி. வந்து வந்து நின்றது, உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தது. சளி என்று இவள் எத்தனை தரம் விரட்டியிருக்கிறாள், கஷாயம் வேறு வைத்துக் கொடுத்தாள், அதையும் வாங்கிக் குடித்துத் தொலைத்தாரே. இந்த மனுஷனை என்ன செய்தால் தகும்! கோபம் வந்தது, அழுகை வந்தது, கடைசியில் எண்ணெய்க் கரண்டியும் கையுமாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப சளி?"

"சளி எங்க இருக்கு. அந்தக் கஷாயம் மட்டும் வேண்டாம் தாயே, இனிமே." அவர் நிலைப்படிக்குப் போகவில்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றார். "நேரமிருக்கு. பாகு வை. எண்ணெயை ஏத்து. நீ கையைப் பாரு, மூக்கை நான் பாத்துக்கிறேன்."

எண்ணெயில் பாதியில் கிடந்த உருண்டைகள் மறுபடி சூடேறி மெல்லச் சுற்றின. அவள் எண்ணெயைக் கலக்கினாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், ஒர்க்ஷாப்பில் இன்ஜின் சத்தத்தை இப்படித்தான் கேட்பேன் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். புதுப் பாகு பின்னால் கொதித்தது. இப்ப எடு என்றார். இன்னும் நல்லாச் சிவக்கலையே என்றாள். எடு வேணி, வாசம் மாறிருச்சு. எடுத்தாள். பாகில் விட்டாள், முழுகி, மிதந்து, பூரித்தன. எப்படி இருக்கு வாசம், சொல்லுங்களேன் என்று கேட்டாள், கேட்கும்போதே குரல் சின்னப் பிள்ளையாகிவிட்டது. அவர் தலையைச் சொறிந்தார். அந்தக் குவார்ட்டர்ஸ் ஞாபகம் வருது என்றார். வெள்ளோட்ட உருண்டையை இரண்டாகக் கிள்ளிப் பார்த்தார்கள், உள்ளே கொட்டை இல்லை, ஆளுக்குப் பாதி.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். கதிரவன்தான் வேலையிலிருந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்து வந்தான். பவித்ராவின் அப்பா தண்ணீர் வாங்கிக் குடித்தார், அந்தக் காலி டம்ளரைக் கமலவேணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பவித்ராவின் அம்மா ஜாமூனை ஸ்பூனால் வெட்டி வாயில் வைத்தாள். முகம் சுருங்கவில்லை. கண்ணை மூடினாள். இன்னொரு துண்டை வெட்டினாள்.

"வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே வாசம் தூக்குச்சுங்க சம்பந்திம்மா. என்ன போட்டீங்க, குங்குமப்பூவா, பன்னீரா? எனக்கு ஒரு நாளும் இப்படி வந்ததில்லையே."

ஏலக்காய்தாங்க, வேற ஒண்ணுமில்லை. இந்தப் பதிலைக் கமலவேணி தயாராகத்தான் வைத்திருந்தாள். நாக்கு நுனியில் இருந்தது. அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் சொல்லு என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை, தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை மாதம் கருகின காபியைக் குடிக்கிற மனுஷனோடு குடித்தனம் பண்ணியிருக்கிறாள். புது வீட்டு ஜனத்தோடு முதல் வாய்க்கே பொய்யா?

"என்னைக் கேக்காதீங்க," என்றாள். "காய்ச்சல்ல எனக்கு மோப்பம் போயிருச்சுங்க. பங்குனியிலேருந்து ஒரு வாசமும் தெரியாது. உருட்டினதும் பொரிச்சதும் நான். வாசம் பார்த்து எடுக்கச் சொன்னது இவரு."

கூடம் அமைதியாகிவிட்டது. கதிரவன் அம்மா என்று பாதி எழுந்தான். இதோ அந்தப் பார்வை வரப்போகிறது என்று கமலவேணி புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பவித்ராவின் அம்மா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள், பிறகு சிகாமணியைப் பார்த்தாள். அந்த அமைதிக்கு நடுவில், பச்சையாக, எல்லாருக்கும் கேட்கும்படி, சிகாமணி மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

"வேணி," என்றார். "காபிக்கு வச்ச பாலு."

ஐயையோ என்று எழுந்து ஓடினாள். பவித்ராவின் அம்மாவும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள், வழி கேட்கவில்லை, கூச்சப்படவில்லை, நேரே அடுப்புக்கு வந்து, பொங்கி வழியப் போன பாலை அடுப்போரத்தில் கிடந்த துணியால் பிடித்து இறக்கி வைத்தாள். பிறகு குனிந்து, சட்டியை ஒரு தரம் மோந்து பார்த்தாள்.

"அடிபிடிக்கலை அண்ணி," என்றாள். "காபிப் பொடி எங்க இருக்கு?"